மலைக்காரர்களுக்கு டென்ஷன் கம்மியா? ஒரு கூகுள் ஃபார்மும் சில கலைச்சொற்களும்

பொங்கல் லீவுக்கு அக்கா மகள் கோத்தகிரிக்கு வந்திருந்தாள். உறைபனி விழுந்து தேயிலையெல்லாம் தீய்ந்துபோய்க் கிடந்த வாரம் அது. வெளியே போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தோம். கோவையில் சைக்காலஜி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நானும் ஒரு காலத்தில் அதையே படித்து, கொஞ்ச நாள் பாடமும் நடத்திவிட்டு, அப்புறம் அப்பாவின் தேயிலையைப் பார்த்துக்கொள்ள மலையேறி வந்தவன் என்பதால் ப்ராஜெக்ட் என்றால் என்னிடம்தான் வருவாள். போனை நீட்டினாள். 'மலை வாழ்வும் மன நிம்மதியும்: ஓர் ஆய்வு' என்று தலைப்பு போட்ட கூகுள் ஃபார்ம். பெயர், வயது, மலையா சமவெளியா, நாலாவதாக ஒரே ஒரு கேள்வி: உங்களுக்கு மன அழுத்தம் உள்ளதா? ஆம் அல்லது இல்லை. தெரிந்த வாட்ஸாப் குரூப்பில் எல்லாம் போட்டுவிட்டிருக்கிறாள், நாற்பது சொச்சம் பேர் நிரப்பியும் விட்டார்கள்.

"மலைல இருக்கறவங்களுக்கு ஸ்ட்ரெஸ் கம்மின்னு வந்துருச்சு மாமா. இனி டைப் பண்ண வேண்டியதுதான்."

செயல்வரையறை என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். சாரா மாறி (காரணம் என்று நாம் எடுத்துக்கொள்வது), சார்ந்த மாறி (அதனால் மாறுவதாக நாம் அளப்பது), நம்பகத்தன்மை, ஏற்புடைமை, கட்டுப்பாட்டுக் குழு, எதைக் கேட்டாலும் டேப்ரிக்கார்டர் மாதிரி வந்தது. அந்த ஃபார்மில் மட்டும் இதில் ஒன்றுகூட இல்லை. அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, நாங்களும் இப்படித்தான் படித்தோம், ரெண்டு மார்க் கேள்விக்கு ரெண்டு வரி என்று. ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் யாரோ ஒருத்தர் தன் முடிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டே 'ஒருவேளை வேற எதனாலயாவது இப்படி வந்திருந்தா?' என்று யோசித்ததில் பிறந்தவை. ஒவ்வொரு சொல்லும் ஒரு சந்தேகத்துக்கு வைத்த பெயர். சந்தேகம் வராதவனுக்கு அந்தப் பெயரால் ஒரு உபயோகமும் கிடையாது.

முதல் சந்தேகம் அந்த நாலாவது கேள்வியிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து பறிக்கப் போகிறவர், அன்று பனியால் வேலை இல்லை, வாசலில் உட்கார்ந்திருந்தார். இவளை விட்டு அவரிடம் கேள்வியை வாசிக்கச் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அதான் தினம் காலைல பிரஷர் மாத்திரை போடறேனே, ஆமான்னு போட்டுக்கோ கண்ணு." இவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மன அழுத்தம் என்று அச்சில் பார்த்தால் நமக்கு ஸ்ட்ரெஸ். ஆனால் டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்ற சொல் இருந்தும் பத்திரிகைகள் பாதி நேரம் அதையும் மன அழுத்தம் என்றே எழுதுகின்றன. காதால் கேட்கிறவருக்கு அழுத்தம் என்ற ஒரு சொல்தான் மனதில் நிற்கிறது, அது பிரஷர். ஆக அந்த நாற்பது சொச்சம் 'ஆம்', 'இல்லை'யில் எத்தனை பேர் எந்த நோய்க்குப் பதில் சொன்னார்கள் என்று யாருக்குத் தெரியும்?

செயல்வரையறை என்பது இதற்குத்தான். மன அழுத்தம், புத்திசாலித்தனம், பாசம் இதெல்லாம் கையில் பிடித்து அளக்கக்கூடிய பொருள் இல்லை. அதனால் இந்த ஆய்வில் நான் இதை இப்படித்தான் அளக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே, அடுத்தவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஷெல்டன் கோஹனும் கூட இருந்தவர்களும் 1983-இல் வெளியிட்ட உணரப்பட்ட அழுத்த அளவுகோல் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. முதலில் 14 கேள்விகள், பிறகு வந்த சுருக்க வடிவத்தில் 10. 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ் இருக்கிறதா' என்று அது எங்கேயும் நேராகக் கேட்காது. போன ஒரு மாதத்தில் எதிர்பாராத ஒன்று நடந்து எத்தனை தடவை மனம் கலங்கினீர்கள், முக்கியமான விஷயங்கள் கைமீறிப் போவதாக எத்தனை தடவை தோன்றியது, இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, 10 கேள்வி வடிவத்தில் மொத்தம் 40. நல்ல அளவுகோலா என்பது வேறு சண்டை. எதை அளந்தோம் என்பதிலாவது குழப்பம் இருக்காது.

அதைத் தமிழில் கொண்டுவருவது தனி வேலை. ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே அர்த்தம் வழுக்கியது என்று தெரியும். நம் ஊரில் இன்னொரு மடிப்பும் உண்டு. வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, போனில் இங்கிலீஷில் டைப் பண்ணுகிறவரிடம் தமிழ் ஃபார்மை நீட்டினால், அவர் மனதுக்குள் நடக்கும் மொழிபெயர்ப்புக்கு யார் பொறுப்பு?

நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் எப்போதும் ஜோடியாக வந்து குழப்பும். தேயிலை வைத்திருக்கிறவனுக்கு மட்டும் குழப்பவே கூடாது. இலை எடை போடும் இடத்தில் ஒரு தராசு இருந்தது, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எந்த மூட்டையை வைத்தாலும் ஒரு கிலோ குறைத்துத்தான் காட்டும். காலையில் வைத்தாலும் ஒரு கிலோ, மாலையில் வைத்தாலும் அதே ஒரு கிலோ. மாறவே மாறாது என்ற வகையில் அது மகா நம்பகமான தராசு. உண்மையான எடையைக் காட்டுகிறதா என்றால் இல்லை, அதாவது ஏற்புடைமையில் அடிவாங்குகிறது. அதே சமயம் கம்பி தளர்ந்து ஒரு தடவை ரெண்டு கிலோ கூட, ஒரு தடவை மூணு கிலோ குறைய என்று ஆடுகிற தராசு நம்பகமும் இல்லாதது. அதை வைத்து ஏற்புடைமை பற்றிப் பேச்செடுக்கவே முடியாது. மனோதத்துவ அளவுகோல்களில் பெரும்பாலும் நாம் மாட்டிக்கொள்வது முதல் வகைத் தராசிடம்தான். திரும்பத் திரும்ப ஒரே எண்ணைக் காட்டுவதால் அது உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

அடுத்தது ஆட்கள். ஃபார்மை நிரப்பியவர்கள் யார் என்று பார்த்தோம். அவளுடைய பள்ளித் தோழிகள், அவர்களுடைய அண்ணன்கள், எங்கள் சொந்தக்காரர்கள் பாதி. கைக்குக் கிடைத்த ஆட்களை வைத்துச் செய்வதற்கு வசதி மாதிரி என்று பெயர். பேரே சொல்கிறது, வசதி நமக்கு, உண்மைக்கு இல்லை. ஸ்மார்ட்போன் இருக்கிற, எஸ்டேட் லைனுக்குள்ளும் சிக்னல் கிடைக்கிற, வந்த லிங்க்கை அழுத்திப் பார்க்கும் அளவுக்கு மனசு லேசாக இருக்கிற மலைக்காரர்கள் மட்டும்தான் அதில் இருந்தார்கள். நிஜமாகவே கஷ்டத்தில் இருக்கிறவன் நாலு கேள்வி நிரப்பவா உட்காருவான்? இது இரண்டாம் வருஷ மாணவியின் தப்பு மட்டும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு பெரிய இதழ்களை ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் 2008-இல் அலசிப் பார்த்தபோது, அதில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள் தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான். 'மனித மனம் இப்படி' என்று பாடப்புத்தகம் ஆரம்பிக்கும்போதெல்லாம் எந்த மனிதர் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

தலைப்பையும் விடக்கூடாது. 'மலை வாழ்வும் மன நிம்மதியும்' என்று மேலே எழுதிவிட்டுக் கீழே நிம்மதியா என்று கேட்டால், மலைக்காரன் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுப்பானா? ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று மோப்பம் பிடித்து, பாவம் இந்தப் பெண் நல்லபடியாக முடிக்கட்டும் என்று அதற்கேற்ற பதிலைக் கொடுப்பதை மார்ட்டின் ஆர்ன் 1962-இல் கோரிக்கைக் கூறுகள் என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஒத்தாசைதான். ஆய்வைக் கெடுப்பதும் அந்த ஒத்தாசையேதான்.

சரி, இவ்வளவையும் திருத்திவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'மலையில் இருப்பதால்' நிம்மதி என்று சொல்ல முடியுமா? இந்தக் கருதுகோளுக்கு எங்கள் ஊரில் இருநூறு வயசு. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து, கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். இந்தக் காற்றே மருந்து என்று அரசாங்கத்துக்கு எழுதி எழுதியே, 1820-களில் ஊட்டி, நோயாளி வெள்ளைக்காரர்கள் தேறுவதற்கான இடமாக ஆனது. வந்தவர்கள் தேறவும் செய்தார்கள். காற்றாலா? கீழே காலராவும் மலேரியாவும் இருந்தன, மேலே ஏறியதும் கொசு குறைந்தது, தண்ணீர் மாறியது. வேலையும் வெயிலும் விட்டது, ஓய்வு கிடைத்தது. இத்தனையும் காற்றோடு சேர்ந்தே மாறுகின்றன. நாம் கைவைத்த காரணத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டு மாறி, எது எதைச் செய்தது என்று பிரிக்கவிடாமல் பண்ணுகிற இதைத்தான் குழப்பும் மாறி என்கிறோம். ரொம்ப முடியாதவர்களோ மலையேறும் பயணத்துக்கே கிளம்பியிருக்க மாட்டார்கள். அதாவது மேலே வந்து சேர்ந்த கூட்டமே சலித்து எடுத்த கூட்டம்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, பாடத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். ஆள் மலைக்கு எப்போது வருகிறான்? உடம்போ மனசோ ஆக மோசமாக இருக்கும்போது. ஆக மோசம் என்பது எப்போதும் நீடிக்கிற நிலை இல்லை, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ஒன்று உச்சத்தில் இருக்கும்போது அளந்தால், அடுத்த தடவை அளக்கும்போது நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். ஐ.டி. கம்பெனியில் மண்டை காய்ந்து மூணு நாள் ஊட்டிக்கு வந்துவிட்டுப் போய் 'ஃப்ரெஷ் ஆயிட்டேன்' என்கிற நண்பர்களை நான் மறுப்பதில்லை. வீட்டிலேயே மூணு நாள் போர்த்திப் படுத்திருந்தாலும் எவ்வளவு ஃப்ரெஷ் ஆகியிருப்பார்கள் என்று தெரியாமல் கணக்கு முடியாது என்கிறேன், அவ்வளவுதான். அந்த 'போர்த்திப் படுத்த' ஆட்கள்தான் கட்டுப்பாட்டுக் குழு.

அந்த ரெண்டு குழுவில் யார் எதில் என்பதை யார் தீர்மானிப்பது? குலுக்குச் சீட்டு. இங்கே ரெண்டு விஷயத்தை ஒன்றாக்கிவிடக் கூடாது, நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் பாதிப்பேர் விழுந்த குழி இது. ஊர் மக்கள் எல்லோருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி ஆளெடுப்பது சமவாய்ப்பு மாதிரி எடுப்பு. நம் முடிவு ஊருக்கெல்லாம் பொருந்துமா என்ற சந்தேகத்துக்கு அது மருந்து. எடுத்த ஆட்களைச் சீட்டுக் குலுக்கி ரெண்டாகப் பிரிப்பது சமவாய்ப்பு ஒதுக்கீடு. இது காரணம் எது என்ற சந்தேகத்துக்கு மருந்து. சீட்டுக்கு யார் பணக்காரர், யார் தூங்காதவர், யாருக்கு மாமியார் தொல்லை என்று எதுவும் தெரியாது, அதனால் இதெல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போய் விழும். என் அக்கா மகளின் பிரச்சினை, நீ மேட்டுப்பாளையத்தில் இரு, நீ கோத்தகிரியில் இரு என்று ஜனங்களைக் குலுக்கிப் போட முடியாது என்பது. கீழே வேலை கிடைத்தவன் இறங்கிப் போய்விட்டான், ஓய்வு பெற்றவர் ஏறி வந்துவிட்டார். தாங்களாகவே பிரிந்த கூட்டங்களை ஒப்பிடும்போது கிடைப்பது ஒட்டுறவு, அதாவது ரெண்டும் சேர்ந்து நடக்கின்றன என்ற செய்தி. மலை நிம்மதி தருகிறதா, நிம்மதியானவர்கள் மலையில் தங்கிவிடுகிறார்களா, ரெண்டுக்கும் பின்னால் பென்ஷன் என்ற மூன்றாவது ஆள் நிற்கிறாரா என்று அது சொல்லாது.

தேநீர் வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு பி-மதிப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சமாச்சாரத்தின் ஆரம்பமே ஒரு டீ கப் பக்கத்தில்தான். 1920-களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசி ஆராய்ச்சியாளர், கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா டீ ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்வேன் என்றாராம். கூட வேலை செய்த ரொனால்ட் ஃபிஷர் சிரித்துவிட்டு விட்டுவிடவில்லை, எப்படிச் சோதிப்பது என்று யோசித்தார். 1935-இல் வந்த சோதனை வடிவமைப்பு பற்றிய அவர் நூலில் ஒரு அத்தியாயம் முழுக்க இந்தச் சோதனைதான். 8 கோப்பை, 4-இல் பால் முதலில், 4-இல் டீ முதலில், வரிசையைக் குலுக்கிப் போட்டு நீட்ட வேண்டும், எது அந்த நாலு என்று அவர் பொறுக்க வேண்டும்.

இப்போது இன்மைக் கருதுகோள்: இந்த அம்மாவுக்கு ஒரு சக்தியும் இல்லை, சும்மா அடித்துவிடுகிறார். அப்படி என்றால் என்ன ஆகும்? எட்டிலிருந்து நாலைப் பொறுக்க 70 வழி உண்டு, முழுக்கச் சரியான வழி ஒன்றுதான். குருட்டாம்போக்கில் அது அமைய 70-இல் 1, அதாவது 1.4 சதவீதம். அந்த அளவு அரிதான ஒன்று நடந்துவிட்டால் 'சும்மா அடித்துவிடுகிறார்' என்ற பேச்சை நம்புவது கஷ்டமாகிறது. ஒரே ஒரு கோப்பை மாறிப்போய் நாலில் மூன்றுதான் சரி என்றால்? மூன்றோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் அமைய 70-இல் 17 வாய்ப்பு, கிட்டத்தட்ட 24 சதவீதம். அதற்கெல்லாம் யாரும் அசர மாட்டார்கள். பி-மதிப்பு என்பது இவ்வளவுதான்: ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிட அதிகமாகவோ ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு. 'என் கருதுகோள் சரியாக இருக்க 95 சதவீத வாய்ப்பு' என்று அதைப் படிப்பது தப்பு, பேராசிரியர்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே, அதாவது 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் முடிவைப் பொருட்படுத்தலாம் என்பது வசதிக்காகப் போட்ட கோடு. பிரிஸ்டல் அம்மா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று பின்னால் ஒரு கதை உலாவியது, ஃபிஷர் தன் நூலில் முடிவை எழுதவே இல்லை. சோதனையின் எலும்புக்கூடுதான் அவருக்கு முக்கியம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால்தான் இதழில் அச்சாகும் என்று ஆனதும் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. இருபது கேள்வி கேட்டால் குருட்டாம்போக்கிலேயே சராசரியாக ஒன்று கோட்டுக்குக் கீழே விழும், விழுந்ததை மட்டும் எடுத்து எழுதினால் கண்டுபிடிப்பு மாதிரித் தெரியும். 2015-இல் பிரையன் நோசெக் தலைமையில் ஒரு பெரிய கூட்டு முயற்சி, பேர்பெற்ற மூன்று உளவியல் இதழ்களிலிருந்து 100 ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. முதலில் 97 சதவீதம் கோட்டுக்குக் கீழே இருந்தவை, திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறின. மீள்செய்தல் என்ற சொல்லுக்கு அதுவரை பாடத்தில் ஒரு வரி, இப்போது ஒரு பாடமே இருக்கிறது.

இங்கே நான் இவளிடம் ரிவர்ஸ் பெயரைச் சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்றாள். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர்களின் குடியிருப்பான மந்து வரை போய் செல்ஃபி எடுத்தவள்தான். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸை மானிடவியலாளர் என்றே நம்மவர்களுக்குத் தெரியும், 1906-இல் அவர் எழுதிய தோடர்கள் பற்றிய நூலால். ஆனால் கேம்பிரிட்ஜில் அவர் சோதனை உளவியல் பாடம் நடத்தியவர். 1898-இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன குழுவில் புலன் சோதனைகள் செய்தார், 1901-02-இல் அதே சாமான்களைத் தூக்கிக்கொண்டு நீலகிரிக்கு வந்தார். அப்போது தோடர்கள் மொத்தமே சுமார் 800 பேர். பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறிதல், கோட்டு மாயை எல்லாம் அளந்து 1905-இல் ஆய்விதழில் எழுதினார். ஆக, பண்பாடு கடந்த உளவியல் என்று இன்று படிக்கும் பாடத்தின் ஆரம்பகாலச் சோதனைகளில் சில எங்கள் மலையில்தான் நடந்தன.

அந்தக் கோட்டு மாயையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே நீளத்தில் ரெண்டு கோடு. ஒன்றின் இரு முனையிலும் அம்பின் கூர் மாதிரி, இன்னொன்றின் இரு முனையிலும் வெளிப்பக்கமாக விரித்த வால் மாதிரி சின்னக் கோடுகள். வால் விரித்ததுதான் நீளம் என்று கண் சத்தியம் செய்யும். முல்லர்-லயர் என்பவர் 1889-இல் வரைந்தது. 'காட்டுவாசிகள்' எளிதில் ஏமாறுவார்கள் என்பது அந்தக் கால ஐரோப்பிய மேதாவிகளின் நினைப்பு. ரிவர்ஸ் அளந்து பார்த்ததில் இந்த மாயையில் இங்கிலீஷ்காரர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். நெட்டுக்கோடு படுகோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு மாயையிலோ அதிகம் ஏமாந்தார்கள். ஒரே கூட்டம், ஒன்றில் குறைவு, ஒன்றில் அதிகம். அறிவு குறைவு, அறிவு அதிகம் என்ற ஒற்றை விளக்கம் அதோடு செத்தது. நல்ல ஆய்வின் அழகு இது, ரெண்டு அளவை ஒன்றாக எடுத்தால் சோம்பேறி விளக்கம் தப்பிக்க முடியாது.

ஏன் அப்படி என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 1960-களில் செகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல நாடுகளில் இதைத் திரும்பச் செய்தார்கள். அமெரிக்காவின் எவன்ஸ்டன் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாந்தார்கள், கலஹாரியின் சான் மக்கள் மிகக் குறைவு. சுவரும் மூலையும் செங்கோணமுமாகத் தச்சன் அடித்த உலகத்தில் வளர்ந்த கண், அந்தச் சின்னக் கோடுகளை அறையின் மூலையாக, ஆழமாகப் படித்துவிடுகிறது என்றார்கள். அரைப்பீப்பாய் வடிவக் குடிசையில் தவழ்ந்து நுழைந்து வளர்ந்த தோடர்களுக்கு இது பொருந்துகிறாற்போல்தான் இருக்கிறது. இருங்கள், கண்ணுக்குள் இருக்கும் நிறமியின் அளவால் வரும் வித்தியாசம் அது என்று போலாக் என்பவர் வேறு விளக்கம் கொண்டுவந்தார். கேள்வியைப் புரிந்துகொண்ட விதமே வேறாக இருந்திருக்கலாம், இடையில் மொழிபெயர்ப்பாளர் வேறு. சாரா மாறி வீடா, கண்ணா, கேள்வியா? இன்று தோடர்களில் பெரும்பாலோர் இருப்பது சிமென்ட் வீட்டில், நாலு மூலையோடு. அதே படத்தை இப்போது காட்டினால் பழைய முடிவு வருமா என்பதைத்தான் புற ஏற்புடைமை கேட்கிறது.

ரிவர்ஸின் இன்னொரு வேலை டீக்காரர்களான நமக்கு நெருக்கம். காஃபின் குடித்தால் தசை அதிகம் உழைக்குமா என்று 1907 வாக்கில் வெப்பர் என்பவரோடு சேர்ந்து சோதித்தார். விரலால் எடையைத் தூக்கித் தூக்கி இறக்கும் ஒரு கருவி, எத்தனை தடவை தூக்கினோம் என்று அது கோடு போட்டுக்கொண்டே வரும். பழைய ஆய்வுகளில் ஒரு ஓட்டை இருப்பதை அவர் கவனித்தார்: இன்று மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்த உற்சாகத்திலேயே விரல் கூட நாலு தடவை தூக்கும். அதனால் மருந்து உள்ளதும் இல்லாததும் ஒரே ருசியில் இருக்கும்படி கலவை செய்து, குடிக்கிறவருக்கு எது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார். மறைப்புச் சோதனைக்கு ஆரம்பகால உதாரணமாக இதைச் சொல்வார்கள். அப்படி மறைத்தபிறகும் காஃபினின் வேலை நிலைத்தது. சாராயத்தையும் இதே மாதிரி சோதித்தார், கொஞ்சமாகக் கொடுத்த சாராயத்தின் வேலை காணாமல் போனது. கொடுக்கிறவருக்கும் எது என்று தெரியாமல் செய்தால் இரட்டை மறைப்பு. பாக்கெட்டில் எஸ்டேட் பெயரைப் பார்த்துவிட்டு 'ஆகா, என்ன மணம்' என்கிற எல்லோரையும் இதில் ஒரு தடவை உட்கார வைக்க எனக்கு ஆசை.

ஆனால் அதே ரிவர்ஸிடம் இன்று யாரும் ஒத்துக்கொள்ளாத விஷயமும் உண்டு. இறந்தவர்களின் பெயரைச் சொல்லத் தோடர்களிடம் விலக்கு இருந்தது. வம்சாவளி அட்டவணைக்காக அந்தப் பெயர்களை அவர் வேறு ஆட்களிடம் கேட்டு வாங்கினார், நூலில் அச்சிட்டும் விட்டார். தோடர்கள் கோயில் மாதிரி புனிதமாகக் கருதும் பால்மனைகளின் சடங்குகளை அவருக்குக் காட்டியவர்கள், சொன்னவர்கள் சிலருக்கு அடுத்தடுத்து நோய், சாவு என்று வந்தபோது, ரகசியத்தை வெளியே சொன்னதற்குத் தெய்வம் கொடுத்த தண்டனை என்று மக்கள் நினைத்தார்கள், பலர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இதை அவரே பதிவு செய்திருக்கிறார். இதைச் சொன்னதும் இவள் டக்கென்று, "அது ஒட்டுறவுதான மாமா, காரணம் இல்லையே" என்றாள். சரிதான். ஆனால் அந்த வீட்டில் அந்த வருஷம் இருந்த பயம் நிஜம், அந்தப் பயத்துக்கு ஆய்வு காரணம்தான். தெரிந்து கொடுக்கும் ஒப்புதல், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, பெயரை மறைத்தல் என்று நெறிமுறைப் பாடத்தில் வருவதெல்லாம் யாருக்காக என்றால் இந்த மாதிரி வீடுகளுக்காக. அவள் ஃபார்மில் முதல் கேள்வியே பெயர். மன அழுத்தம் பற்றிக் கேட்கிற தாளில், அதுவும் சொந்தக்காரர்களிடம், பெயர் எதற்கு?

லீவு முடிவதற்குள் புதுசாகச் செய்தாள். பெயரை எடுத்தாள், தலைப்பை 'தினசரி வாழ்க்கை பற்றிச் சில கேள்விகள்' என்று மாற்றினாள், 10 கேள்வி அளவுகோலைத் தமிழில் வைத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினாள். மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் முப்பது பேர், கீழே ஏறக்குறைய அதே வயதில் தினக்கூலிக்குப் போகும் பெண்கள் முப்பது பேர். ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்து போன் பண்ணினாள், குரலில் சுரத்தே இல்லை. வித்தியாசம் ஒன்றும் வரவில்லை, பி-மதிப்பு கோட்டுக்கு எங்கேயோ மேலே. "இதை எப்படி மாமா எழுதறது?" வித்தியாசம் தெரியவில்லை என்று எழுது என்றேன். இல்லை என்று எழுதாதே, முப்பது முப்பது பேரில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்கு அகப்படாது, அகப்படுவதற்கான அந்தத் திறன் ஆட்களின் எண்ணிக்கையோடு ஏறுவது. இப்படி ஒன்றும் வராத ஆய்வுகள் எல்லாம் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதால்தான் வெளியே தெரிவதெல்லாம் வெற்றியாகத் தெரிகிறது என்று ராபர்ட் ரோசென்தால் 1979-இலேயே எழுதிவிட்டார் என்பதையும் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் புது ஃபார்மை வாசித்திருக்கிறாள். பத்துக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் கேட்டாராம், "எல்லாம் சரி கண்ணு, கூலியப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?" அந்த வரியைத் தாளின் ஓரத்தில் பேனாவால் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். வரம்புகள் என்ற தலைப்புக்குக் கீழே போடுவதா, அடுத்த ப்ராஜெக்டின் கருதுகோளாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவாகவில்லை.